வெள்ளகெவிப் பாதை: இறங்கும் முன்பே ஏறுவதை எண்ணுங்கள்

மலை நடை என்றால் காலையில் தெம்போடு ஏறி, மாலையில் களைத்து இறங்குவதுதான் நமக்குப் பழக்கம். கொடைக்கானல் வட்டக்கானலில் தொடங்கி வெள்ளகெவி கிராமத்துக்குப் போகும் காட்டுப் பாதை இதற்கு நேர்மாறானது. வண்டி உங்களை உச்சியிலேயே கொண்டுபோய் விட்டுவிடும். காலைக் குளிரில் பேசிச் சிரித்தபடி இறங்கிவிடலாம். ஏற்றம் முழுவதும் மதியத்துக்கு மேல்தான் வரும். அதற்குள் கால் தளர்ந்திருக்கும், தண்ணீர் குறைந்திருக்கும், பள்ளத்தாக்கிலிருந்து மேகம் எழும்பி வந்து பாதையை மூடத் தொடங்கியிருக்கும். இந்த வழியில் அவதிப்படுகிறவர்களுக்குப் பெரும்பாலும் உடலில் வலு குறைவாக இருப்பதில்லை. நேரக் கணக்கில்தான் தவறியிருப்பார்கள். ஆகவே எங்கே திரும்புவது, எத்தனை மணிக்குத் திரும்புவது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். காலணி, பை, சாப்பாடு எல்லாம் அதற்குப் பிறகு.

கொடைக்கானல் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதற்குத் தெற்கே, பெரியகுளம் பக்கத்தில், கும்பக்கரை அருவிக்கு அருகில் மலை முடிந்து சமவெளி தொடங்குகிறது. இரண்டுக்கும் இடையே 1,600 மீட்டருக்கும் மேலான சரிவு. அந்தச் சரிவின் நடுவில் ஒரு மடிப்பில் இருக்கிறது வெள்ளகெவி. 1821ல் பழனி மலைகளை அளக்க வந்த லெப்டினன்ட் பி. எஸ். வார்டு இந்த ஊரில் தளம் அமைத்துக்கொண்டுதான் மேலே ஏறினார். அன்றைக்குக் கொடைக்கானல் என்று ஒரு நகரமே கிடையாது. மதுரையிலிருந்து வந்த அமெரிக்க மிஷனரிகள் முதல் இரண்டு பங்களாக்களைக் கட்டியது 1845ல்தான். அதன்பின் பல பத்தாண்டுகளுக்கு மேலே போன ஆட்களும் அரிசியும் கட்டில் நாற்காலிகளும் இந்தச் சரிவில் இருந்த மலைப்பாதைகளையே நம்பியிருந்தன. 1875ல் ரயில் அம்மையநாயக்கனூருக்கு வந்தது. இன்று கொடைக்கானல் ரோடு என்று பெயர்ப்பலகை தாங்கி நிற்கும் நிலையம் அதுதான். அங்கே இறங்கி மாட்டுவண்டியில் அடிவாரம் வந்து, பிறகு டோலியிலோ குதிரையிலோ கால்நடையாகவோ மலையேற வேண்டும். 1901ல் வேலையைத் தொடங்கிய சூரிய ஆய்வகத்தின் கருவிகளும் மோட்டார் சாலை இல்லாத அந்தக் காலத்தில்தான் மேலே போய்ச் சேர்ந்தன. 1914ல் மலைச்சாலை வேலை முடிந்த பிறகு பழைய பாதைகளில் ஆள் நடமாட்டம் குறைந்தது. வெள்ளகெவிக்காரர்கள் மட்டும் நடப்பதை நிறுத்தவில்லை, ஏனென்றால் அவர்கள் ஊருக்கு அதுதான் வழி.

இந்த வரலாற்றைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இது உல்லாசப் பயணிகளுக்காகப் போட்ட பாதை அல்ல. சுமை தூக்குகிறவன் சுற்றி வளைத்துப் போக மாட்டான். முடிந்தவரை நேராக இறங்கி, நேராக ஏறுவான். கார்ச் சாலை பத்து வளைவில் ஆற அமரச் செய்யும் வேலையை இந்த ஒற்றையடிப் பாதை ஒரே மூச்சில் செய்துவிடுகிறது. தலைமுறை தலைமுறையாக மனிதக் காலும் குதிரைக் குளம்பும் தேய்த்த கற்கள் வழவழவென்று இருக்கும். மரவேர்களே படிகள். உட்காரத் திண்ணை, பிடித்துக்கொள்ளக் கைப்பிடி, வழிகாட்டும் பலகை என்று எதையும் எதிர்பார்க்க வேண்டாம். ‘மிதமான நடை’ என்று எங்காவது படித்துவிட்டு ஏரியைச் சுற்றி நடப்பதுபோல நினைத்துக்கொண்டு வந்தால் ஏமாந்துபோவீர்கள்.

எவ்வளவு தூரம் போகலாம்? வட்டக்கானலிலிருந்து டால்ஃபின் நோஸ் பாறை வரை எல்லோரும் போகிறார்கள். அதை நடை என்று நான் எண்ணுவதில்லை, ஆனாலும் அங்கிருந்து திரும்பி ஏறும்போது மூச்சு எப்படி வாங்குகிறது என்று பார்த்துக்கொள்ள நல்ல இடம். முதல்முறை வருகிறவர்கள், பத்து வயதுப் பிள்ளைகளோடு வருகிறவர்கள், முழங்கால் வலி இருப்பவர்கள் பாறையைத் தாண்டிக் காட்டுக்குள் ஒரு மணி நேரம் இறங்கிவிட்டுத் திரும்பினால் போதும். இந்தப் பாதையின் அழகில் பாதி அதற்குள்ளேயே கிடைத்துவிடும். வெள்ளகெவி வரை போய்த் திரும்புவது, வாரத்தில் நாலைந்து நாள் நடக்கிறவர்களுக்கு ஏற்ற ஒரு முழுநாள் நடை. மிதமான நடை என்று நான் மனதறிந்து சொல்லக்கூடியது அதுதான். வெள்ளகெவியிலிருந்து மேலும் இறங்கிக் கும்பக்கரையில் முடிப்பது வேறு வகை. ஏற்றமே இல்லையே என்று பலர் அதைச் சுலபமாக எண்ணிவிடுகிறார்கள். சோலைக்காட்டுக் குளிரில் புறப்பட்டு, உச்சி வெயிலில் முட்புதர்க் காட்டுக்குள் இறங்குவீர்கள். முழு மலையின் இறக்கத்தையும் ஒரே நாளில் முழங்கால் தாங்க வேண்டும். கும்பக்கரையிலிருந்து மேலே ஏறுவது நன்கு பழகியவர்களுக்கு மட்டும்.

நேரத்தைக் கணக்கிட ஒரு பழைய வழி இருக்கிறது. ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892ல் சொன்னது. கிடைத் தூரத்தில் ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி நேரம். இது கட்டுடலோடு இடைவிடாமல் நடக்கிறவனின் கணக்கு. கல்லும் வேரும் நிறைந்த நம் பாதைக்கு, படம் எடுத்து, பிள்ளைக்குத் தண்ணீர் கொடுத்து, அட்டையைத் தட்டிவிட்டு நடக்கும் குடும்பத்துக்கு, அதை இரட்டிப்பாக்கிக்கொள்ளுங்கள். இதைவிட எளியது ஒன்றும் உண்டு. புறப்பட்ட நேரத்தையும் ஊர் போய்ச் சேர்ந்த நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். இறங்க எவ்வளவு ஆனதோ, அதைப்போல ஒன்றரை மடங்கு முதல் இரண்டு மடங்கு வரை ஏறுவதற்கு ஒதுக்குங்கள். ஏழு மணிக்குப் புறப்பட்டுப் பத்து மணிக்கு ஊரில் இருந்தால், பதினொன்றரைக்குள் திரும்பினால்தான் நாலு மணியிலிருந்து ஐந்தரைக்குள் மேலே வந்து சேர்வீர்கள். பதினொரு மணி ஆகியும் ஊர் கண்ணில் படவில்லையென்றால் நின்ற இடத்திலிருந்தே திரும்புங்கள். ‘இவ்வளவு தூரம் வந்துவிட்டோம், இன்னும் கொஞ்சம்தானே’ என்று குழுவில் ஒருவர் கட்டாயம் சொல்வார். அந்தப் பேச்சு வரும் என்று தெரிந்தே, முதல்நாள் இரவே எல்லோரும் சேர்ந்து திரும்பும் நேரத்தை ஒப்புக்கொண்டுவிடுங்கள்.

பருவத்தைப் பற்றிக் கறாராகச் சொல்லிவிடுகிறேன். அக்டோபர் முதல் டிசம்பர் நடுப்பகுதி வரை வடகிழக்குப் பருவமழை இந்தச் சரிவைத்தான் நேராக அறைகிறது. பாதையே ஓடையாகிவிடும், கும்பக்கரையில் வெள்ளம் ஏறி வனத்துறை குளிக்கத் தடை போடும். டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி முதல் வாரம் வரை மிக நல்ல காலம். வானம் துடைத்துவிட்டது போல இருக்கும், வைகை அணை வரை கண்ணுக்குத் தெரியும் நாட்களும் உண்டு. பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடு வரை காட்டுத்தீக் காலம். அந்த மாதங்களில் தமிழகக் காடுகளில் மலையேற்றத்துக்கு அனுமதி கிடையாது. 2018 மார்ச் 11 அன்று பக்கத்துத் தேனி மாவட்டத்தின் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. காய்ந்த புல்சரிவில் தீ மேல்நோக்கி ஓடும் வேகத்தை மனிதக் கால் வெல்ல முடியாது. அந்த மாதங்களில் ‘நான் கூட்டிப் போகிறேன், சத்தமில்லாமல் போய் வந்துவிடலாம்’ என்று யார் சொன்னாலும், எவ்வளவு நெருங்கியவராக இருந்தாலும், மறுத்துவிடுங்கள். கோடை மழைக்குப் பிறகு, ஜூன் முதல் செப்டம்பர் வரை பனிமூட்டமும் தூறலுமாக நடக்கலாம். அட்டைக்கடி நிச்சயம்.

அனுமதி வாங்குவதை ஒரு சடங்காக நினைக்காதீர்கள். இது வனவிலங்குச் சரணாலயப் பகுதி. 2024 அக்டோபரில் தமிழக வனத்துறை தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ இணையதளத்தில் மாநிலத்தின் மலையேற்றப் பாதைகள் எளிது, மிதம், கடினம் என்று பிரிக்கப்பட்டுப் பதிவு நடக்கிறது. நீங்கள் போக நினைக்கும் தேதியில் இந்தப் பாதை திறந்திருக்கிறதா, எந்த இடம் வரை விடுகிறார்கள் என்பதை அதில் பாருங்கள். கொடைக்கானல் வனத்துறை அலுவலகத்திலும் ஒருமுறை கேட்டுவிடுங்கள். மழைக்குப் பிறகு மரம் விழுந்தோ யானை வந்தோ திடீரென மூடுவது உண்டு. வழிகாட்டியோடு போவதுதான் முறை. வட்டக்கானலிலோ வெள்ளகெவியிலோ பிறந்து வளர்ந்தவர் கிடைத்தால் அது உங்கள் பாக்கியம். கிளைப்பாதைகள் பிரியும் இடங்களில் கைப்பேசி வரைபடம் உதவாது. அந்த ஊர்க்காரர் மண்ணில் பதிந்த குளம்புத் தடத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார்: “அண்ணே, கொஞ்சம் நில்லுங்க. மாடு இப்பத்தான் தாண்டியிருக்கு.” அவர் மாடு என்று சொல்வது காட்டுமாட்டை. வண்டியில் கொடைக்கானல் வருகிறவர்களுக்கு 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் கட்டாயம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இனி உடல். நடைப் பயிற்சி செய்கிறேன் என்று சொல்பவர்கள் பெரும்பாலும் சமதளத்தில் நடப்பவர்கள். இறங்குவது வேறு வேலை. இறங்கும் ஒவ்வொரு அடியிலும் தொடையின் முன்தசை நீண்டுகொண்டே உடல் எடையைத் தாங்குகிறது. பழகாத தசையில் அது நுண்ணிய சேதத்தை உண்டாக்கும். வலி அன்றைக்குத் தெரியாது, மறுநாளும் அதற்கடுத்த நாளும்தான் உச்சத்துக்கு வரும். ஆனால் ஓரிரு வாரம் முன்னதாக நன்றாக ஒருமுறை இறங்கிப் பழகியிருந்தாலே அடுத்த முறை வலி வெகுவாகக் குறைந்துவிடும். அதனால் வீட்டு மாடிப்படி, அலுவலகப் படிக்கட்டு எதுவானாலும் இறங்குவதைப் பயிற்சியாக வைத்துக்கொள்ளுங்கள். பழனிக்குப் போனால் ஏறுவதற்கு வேண்டுமானால் விஞ்சில் போங்கள், இறங்குவது படியில் இருக்கட்டும். மதுரைக்காரர்களுக்கு அழகர்மலை, திருச்சிக்காரர்களுக்கு மலைக்கோட்டை, சென்னைக்காரர்களுக்குப் பரங்கிமலை இருக்கின்றன. மூன்று வாரம், வாரத்துக்கு இரண்டு முறை போதும். 2,100 மீட்டர் என்பது மூச்சடைப்பு தரும் உயரம் அல்ல. அதைப் பற்றிய பயம் வேண்டாம். இதய நோய்க்கோ சர்க்கரைக்கோ மருந்து எடுப்பவர்கள் மட்டும் தங்கள் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

காலணி புதிதாக இருக்கக் கூடாது. அடிப்பாகத்தில் ஆழமான பள்ளங்கள் உள்ள, ஏற்கெனவே காலுக்குப் பழகிய ஷூ வேண்டும். இறங்கும்போது பாதம் முன்னால் சறுக்கி விரல் நுனி ஷூவின் மூக்கில் இடித்துக்கொண்டே வரும், நகம் கறுத்துப்போவது அப்படித்தான். இரண்டு நாள் முன்பே நகத்தை ஒட்ட வெட்டுங்கள். இறக்கம் தொடங்கும் இடத்தில் நின்று, கணுக்கால் பக்கக் கயிற்றை இறுக்கிக் கட்டுங்கள். ஒரு கைத்தடி கட்டாயம் வேண்டும், இரண்டு இருந்தால் முழங்கால் உங்களை வாழ்த்தும். காட்டில் கிளை ஒடித்துத் தடி செய்யாதீர்கள். ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் காலைப் பிடித்துக்கொள்ளும். முழுக்கை, முழுக்கால் மூடும் மெல்லிய உடை, ஒரு மழைச்சட்டை, தலைக்கு மாட்டும் டார்ச் போதும். அட்டைக்கு முழங்கால் வரை இழுத்துக் கட்டும் துணி உறை நன்றாக உதவும். கடித்த அட்டையைப் பிய்த்து எறிவதைவிட, நகத்தால் அதன் வாயோரம் பக்கவாட்டில் தள்ளினால் விட்டுவிடும். ரத்தம் கொஞ்ச நேரம் வழியும், பயப்பட ஒன்றுமில்லை.

தண்ணீர் ஆளுக்கு மூன்று லிட்டர். குறைக்காதீர்கள். கொடைக்கானலில் சிறிய பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களுக்குத் தடை இருப்பதால் வீட்டிலிருந்தே எவர்சில்வர் பாட்டிலோ நீர்ப்பையோ கொண்டுவாருங்கள். இறங்கும்போது தாகம் தெரியாது. அதனால் மூன்று லிட்டரில் ஒன்றரை லிட்டரையாவது திரும்பும் ஏற்றத்துக்கு மிச்சம் வையுங்கள். உப்புச்சர்க்கரைக் கரைசல் பாக்கெட் இரண்டு பையில் இருக்கட்டும். வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டு வியர்த்தால் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். சாப்பாட்டுக்கு நம் வழிநடைச் சோற்றை மிஞ்ச ஒன்றுமில்லை. புளிசாதமோ எலுமிச்சை சாதமோ வாழையிலையில் கட்டி எடுத்து வாருங்கள். தயிர்சாதம் வெயிலில் புளித்துவிடும். ஏற்றத்தில் வயிறு நிறைந்திருக்கக் கூடாது. ஊரில் அரை வயிறு சாப்பிட்டு, ஏறும்போது அரை மணிக்கொருமுறை கடலைமிட்டாயோ எள்ளுருண்டையோ பேரீச்சம்பழமோ வாயில் போட்டுக்கொண்டு நடங்கள்.

டால்ஃபின் நோஸ் பாறையில் விளிம்புக்குப் போகாதீர்கள். கீழே பிடிமானம் இல்லை. நின்று படம் எடுக்கப் போய் விழுந்தவர்கள் உண்டு. பாறையைத் தாண்டிக் காட்டுக்குள் நுழைந்ததும் பேச்சைக் குறையுங்கள். இங்கே மரங்கள் குட்டையாக, தண்டெல்லாம் பாசி போர்த்தி நிற்கும். மழை பெய்யாத நாளிலும் அந்தப் பாசியும் இலைமட்கும் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு ஓடைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவதால்தான் கீழே பெரியகுளத்துத் தோப்புகளுக்குத் தண்ணீர் போகிறது. பழனி சிரிப்பான் என்ற சிறு பறவை புதருக்குள் கூட்டமாகக் குரல் கொடுக்கும். பாலக்காட்டுக் கணவாய்க்குத் தெற்கே உள்ள மலைகளில் மட்டும் வாழும் பறவை அது. அறிவியல் பெயரில் ஃபேர்பேங்க் என்ற அமெரிக்க மிஷனரியின் பெயரைச் சுமக்கிறது. இந்த மலைகளில் பறவைகளைச் சேகரித்தவர் அவர். பாட்டுப்பெட்டியை அலறவிட்டு நடக்கிறவர்களுக்கு இது எதுவும் கிடைக்காது. காட்டுமாடும் கரடியும் தூரத்தில் எழுந்து போவது அவர்கள் காதில் விழாது என்பது அதைவிட ஆபத்து. காட்டுமாடு எதிரே வந்தால் அசையாமல் நின்று, மெதுவாகப் பின்வாங்கி, அது போக வழி விடுங்கள். அதற்கும் உங்களுக்கும் இடையே கல்லெறியும் தூரம் இருக்கும்போது கைப்பேசியை எடுக்கத் தோன்றினால், எடுக்காதீர்கள்.

வெள்ளகெவி வாசலில் செருப்பைக் கழற்றுங்கள். வீடுகளோடு வீடாகக் கோவில்கள் இருக்கும் ஊர் அது. ஊருக்குள் யாரும் செருப்பு போடுவதில்லை. விருந்தாளிக்குத் தனிச் சட்டம் கேட்கக் கூடாது. காலுறையும் வேண்டாம், ஈரக் கல்லில் வழுக்கும். காப்பி, வெண்ணெய்ப்பழம், மலைவாழை, மிளகு விளையும் ஊர் அது. விளைச்சலைக் குதிரையில் ஏற்றி, நீங்கள் இறங்கிய அதே பாதையில்தான் மேலே கொண்டுபோகிறார்கள். பாதையில் சுமைக்குதிரை வந்தால் மலைச்சுவர்ப் பக்கம் ஒதுங்கி நில்லுங்கள், பள்ளத்துப் பக்கம் நிற்கக் கூடாது. வாங்க முடிந்ததை அவர்கள் சொல்லும் விலைக்கு வாங்குங்கள், பேரம் வேண்டாம். வீட்டுத் திண்ணையில் உட்காரும் முன் “அம்மா, இங்க உக்காரலாமா?” என்று கேளுங்கள். மனிதர்களையும் கோவிலையும் படமெடுக்கும் முன்னும் அப்படியே. பிள்ளைகளுக்கு மிட்டாய் அள்ளிக் கொடுத்துவிட்டுக் காகிதத்தை அங்கேயே விட்டு வராதீர்கள். குப்பை வண்டி வராத ஊர் அது. நீங்கள் கொண்டுபோன ஒவ்வொரு உறையும் உங்கள் பையிலேயே மேலே வரவேண்டும்.

கால் பிசகினால் என்ன செய்வது என்று முன்கூட்டியே பேசி வையுங்கள். பாதையின் பெரும்பகுதியில் கைப்பேசிக்குச் சிக்னல் கிடைக்காது. 108 ஆம்புலன்ஸ் வட்டக்கானல் வரைதான் வர முடியும். அதற்குக் கீழே, பிரசவ வலி வந்த பெண்ணாக இருந்தாலும் பாம்பு கடித்த விவசாயியாக இருந்தாலும், வெள்ளகெவியில் இன்றும் டோலி கட்டித்தான் தூக்குகிறார்கள். உங்களுக்கு ஒன்று நேர்ந்தால் தோட்ட வேலையை விட்டுவிட்டு அந்த மனிதர்கள்தான் வந்து தோள் கொடுக்க வேண்டும். எனவே குழுவில் மூன்று பேருக்குக் குறையாமல் போங்கள். ஒருவர் விழுந்தால் ஒருவர் பக்கத்தில் இருக்க, இன்னொருவர் ஆள் தேடிப் போக முடியும். கணுக்கால் சுற்றிக் கட்டும் கிரேப் துணி, கொப்புளத்துக்குப் பிளாஸ்திரி, ஒரு விசில் மூன்றும் கட்டாயம். பாம்பு கடித்தால் கீறவோ உறிஞ்சவோ இறுகக் கட்டவோ கூடாது. கடிபட்ட கை அல்லது காலை அசைக்காமல், ஆளை நடக்கவிடாமல், மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போவது ஒன்றே வழி. எங்கே போகிறீர்கள், எத்தனை மணிக்குள் திரும்புவீர்கள் என்று தங்கும் விடுதியில் எழுதிக் கொடுத்துவிட்டுப் புறப்படுங்கள்.

கும்பக்கரைக்கே இறங்கி முடிப்பதென்றால் கீழே வண்டி காத்திருக்க ஏற்பாடு செய்யாமல் புறப்படக் கூடாது. அங்கிருந்து அடுக்கம் வழியாகப் பெருமாள்மலைக்கு ஏறும் சாலை குறுக்குவழிதான். ஆனால் மழைக்காலத்தில் மண் சரிந்து மூடிவிடும். வத்தலக்குண்டு சுற்றிவர வேண்டியிருக்கலாம் என்று ஓட்டுநரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். வெள்ளகெவி போய்த் திரும்புகிறவர்கள் அன்றிரவு கொடைக்கானலிலேயே தங்குங்கள். நாள் முழுக்க இறங்கி ஏறிய காலோடு, இருட்டிய பிறகு மலைச்சாலையில் பிரேக்கை மிதித்துக்கொண்டு ஊர் திரும்ப வேண்டாம்.